*#*#4636#*#* அழுத்தினால் அழித்த படம் வராது

பெங்களூரு அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: *#*#4636#*#* என்று டயல் செய்தால் எப்போதோ அழித்த படங்களும் கேலரிக்குத் திரும்பிவிடுமாம். தவறு. ஆண்ட்ராய்டில் அந்த எண் திறப்பது ஒரு சோதனைப் பக்கம். சிக்னல், நெட்வொர்க் விவரங்கள் இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள், ஆகாதது 30 நாள் அங்கே கிடக்கும். ஐபோனிலும் 30 நாள். அதையும் காலி செய்துவிட்டால் கஷ்டம்தான். இன்றைய போன்களின் உள் நினைவகம் என்க்ரிப்ட் ஆனது, அதாவது எல்லாம் பூட்டிய குறியீடாகவே பதிவாகும். அதனால் அழித்ததை மீட்டுப் படிப்பது அரிது. 'எல்லாம் மீட்போம்' என்னும் ஆப்கள் பெரும்பாலும் காட்டுவது மிச்சமிருக்கும் மங்கலான சிறு நகல்களை. அதற்குக் காசு வேறு!

மெமரி கார்டு கதை வேறு. அதில் அழித்ததும் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். அந்த இடத்தில் வேறொன்று பதியும்வரை படம் இருக்கும். ஆகவே புதுப் படம் எடுக்காமல் கார்டைக் கழற்றுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கார்டு ரீடர் வாங்கி, கணினியில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

அப்புறம், அந்தக் கல்யாணப் படத்தை ஊரிலுள்ள அத்தைக்கு அனுப்பியிருந்தீர்களா? அவர் சாட்டில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.