சாளை டின்

லிஸ்பன் போய்வந்த நண்பர் ஒரு மத்தி டின் கொடுத்தார். எங்கள் பக்கம் சாளை என்போமே, அதுதான். மீனைத் தின்று தீர்த்து ஒரு மாதம் ஆகிறது, டின்னைத் தூக்கிப்போட மனசில்லை. அவ்வளவு அழகு. அலமாரியில் வைத்திருக்கிறேன் (அலமாரியும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல்தான்). ஆனால் எனக்கு உறுத்துவதும் அந்த அழகுதான்.

போர்ச்சுகல் நாட்டு டின் மீன் ஆலைகளின் பழைய போட்டோக்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். நீள மேசை, இரு பக்கமும் நெருக்கியடித்துப் பெண்கள். படகு வந்ததும் ஆலைச் சங்கு ஊதும். நடுராத்திரி என்றாலும் ஓடியாக வேண்டும், மீன் கெட்டுவிடுமே. தலையைக் கிள்ளி, குடலெடுத்து, உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, டின்னில் அடுக்குவது எல்லாம் அவர்கள் கை. மீன் வராத நாளில் கூலியும் கிடையாது. மூடியை ஈயம் வைத்துப் பற்றவைப்பது ஆண்கள் வேலை, அதற்குக் கூலி கூடுதல். பிறகு மூடி போடும் மெஷின் வந்தது, அந்த ஆண்களின் பிழைப்பும் போயிற்று.

அந்த நாட்டின் போர்த்திமாவோ ஊரில் இப்படி ஓர் ஆலையையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 2008இல் திறந்தது, 2010இல் ஐரோப்பிய கவுன்சிலின் பரிசும் வாங்கியது. சரி, நல்ல வேலை. எனக்கு அதைவிட செதூபல் ஊரின் உழைப்பு அருங்காட்சியகம் பிடிக்கும். அதுவும் பழைய மீன் ஆலைதான். அங்கே சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974 புரட்சிக்கு அடுத்த வருடம், கல்லூரிக்குக் காத்திருந்த இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போய் உழவர்களின், கைவினைஞர்களின் கருவிகளைச் சேகரித்தார்கள்; அங்கே வைத்திருப்பது அவற்றைத்தான். வழிநடத்தியவர் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவுசெய்த ஜியாகொமெத்தி. தேய்ந்த பிடியுள்ள ஒரு கருவி சொல்வதை என் டின் சொல்லாது.

அதே செதூபலில்தான் 1911 மார்ச் 13 அன்று, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள்மீது குடியரசுக் காவல்படை சுட்டது. மரியானா தோரஸ் என்ற ஆலைப் பெண்ணும் அந்தோனியோ மென்டஸ் என்பவரும் செத்தார்கள். மன்னராட்சியை ஒழித்துக் குடியரசு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை!

இப்போது லிஸ்பனில் சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஜோடித்த மீன் டின் கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு டின்னிலும் ஒரு வருடம், அந்த வருடம் என்ன நடந்தது என்ற குறிப்பு. பிறந்த வருடம் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

நண்பர் அடுத்த முறை போனால் 1911 போட்ட டின் இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.