இஷ்யூ ஆயிருச்சு சார், அதான் இஷ்யூ

இனிமேல் எவனாவது என்னிடம் வந்து "சின்ன இஷ்யூ சார்" என்று வாயைத் திறந்தால் வைகையில் பிடித்துத் தள்ளிவிடுவதாக இருக்கிறேன். தண்ணீர் வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன். அதுவரைக்கும் அவன் பிழைத்தான்.

காலையில் வங்கிக்குப் போனேன், டெபிட் கார்டு விஷயமாக. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கு இப்போதே நெஞ்சு கரித்திருக்கும். பழைய கார்டு காலாவதியாகி ஏழு வாரம். இது மூன்றாவது நடை. முதல் நடையில் "அடுத்த வாரம் வாங்க." இரண்டாவது நடையில் "இன்னைக்கு அந்த மேடம் லீவு." இன்றைக்கு மேடம் லீவு இல்லை, வேறு கிளைக்கு மாற்றலாகியே போய்விட்டார். அவர் நாற்காலியில் ஒரு தம்பி. நல்ல பிள்ளைதான், நெற்றியில் திருநீறு, கழுத்தில் அடையாள அட்டை. வங்கி ஒரு அட்டையை உரியவரிடம் ஒழுங்காகச் சேர்த்ததற்கு அந்தக் கழுத்து ஒன்றுதான் சாட்சி.

என் டோக்கன் 47. பலகையில் எரிந்துகொண்டிருந்தது 19. ஒன்றேகால் மணி நேரம் கழித்து என் முறை வந்தது. இனி நடந்ததை வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன்.

"சார், உங்க கார்டு இஷ்யூ ஆயிருச்சே."

"ஐயையோ, என்ன இஷ்யூ தம்பி?"

"இஷ்யூ ஆயிருச்சு சார்."

"அதான், என்ன இஷ்யூ?"

"கார்டுதான் சார்."

"கார்டுல என்ன இஷ்யூ?"

"கார்டுல இஷ்யூ ஒண்ணும் இல்ல சார். இஷ்யூ ஆன வரைக்கும் இஷ்யூவே இல்ல."

"அப்ப கார்டு எங்கிட்டு இருக்கு?"

"அதுதான் சார் இஷ்யூ."

நான் கொஞ்ச நேரம் அவன் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, எல்.கே.ஜி. பிள்ளையிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டேன். "தம்பி, இஷ்யூவைக் கொஞ்சம் ஓரமா வச்சிருவோம். கார்டு தொலைஞ்சு போச்சா?"

"அப்படி இல்ல சார்."

"வேற வீட்டுக்குப் போயிருச்சா?"

"அப்படியும் சொல்ல முடியாது சார்."

"சரி, நீங்க அனுப்பவே இல்லையா?"

"சேச்சே, அனுப்பாம எப்படி சார்? இஷ்யூ ஆயிருச்சே!"

"அப்ப என்னதான் ஆச்சு?"

"டெலிவரி இஷ்யூ சார். ரிட்டர்ன் ஆயிருக்கு. அட்ரஸ் இஷ்யூவா இருக்கும்."

அட்ரஸ் இஷ்யூவாம். பதினொரு வருடமாக அதே வீடு, அதே கதவு எண், எதிரே அதே வேப்பமரம். அந்த அட்ரசுக்குத்தான் இதே வங்கி "தங்களுக்குத் தனிநபர் கடன் தயார்" என்று மாதம் தவறாமல் கடிதம் போடுகிறது. கடன் கொடுக்க வழி தெரிகிறது, கார்டு கொடுக்க மட்டும் சந்து புரியவில்லை. இதைச் சொன்னேன். தம்பி சிரித்தான். கோபமே படாத பிள்ளைகளை எங்கிருந்துதான் பொறுக்கி எடுத்து அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்களோ.

"இஷ்யூ இல்ல சார், ரீஇஷ்யூ போட்டுரலாம். இஷ்யூ சார்ஜ் மட்டும் பிடிப்பாங்க."

"உங்க இஷ்யூவுக்கு நான் ஏன் சார்ஜ் கட்டணும்?"

"இது அந்த இஷ்யூ இல்ல சார், இந்த இஷ்யூ."

அப்புறம் கணினியில் எதையோ தட்டினான். இன்னொரு முறை தட்டினான். முகம் சுண்டியது. "சார், ரீஇஷ்யூ போடுறதுல ஒரு சின்ன இஷ்யூ. சர்வர் இஷ்யூ. கொஞ்சம் உக்காருங்க, வந்ததும் கூப்பிடுறேன்."

போய் உட்கார்ந்தேன். உட்காராமல் என்ன செய்வது? பக்கத்தில் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, மடியில் மஞ்சள் பை. நான் பொருமுவதைப் பார்த்து, "வந்த சோலி முடிஞ்சுதா தம்பி?" என்றார். இல்லை ஐயா என்றேன். அடுத்து ஏதோ கேட்டார். என் கவனம் கவுண்டர் மேல் இருந்ததால் கடைசி இரண்டு சொல்தான் காதில் விழுந்தது.

"... இஷ்யூ எத்தனை?"

விரல் விட்டு எண்ணினேன். டெலிவரி, அட்ரஸ், சார்ஜ், சர்வர். "நாலு ஐயா."

"நாலா!" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தக் காலத்துல நாலா! பெரிசு என்ன பண்ணுது?"

"பெரிசு சர்வர்தான் ஐயா."

"எந்த ஓட்டல்ல?"

அவருக்குக் காது சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, "இங்கதான் ஐயா, அடிக்கடி படுத்துக்குது" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"அடடா. டாக்டர்கிட்ட காட்டலியா?"

"ஹெட் ஆபீஸ்ல பாத்துக்கிட்டு இருக்காங்களாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கோவில் வாசலில்கூட என்னை யாரும் அப்படிப் பரிதாபமாகப் பார்த்ததில்லை. மேலும் இரண்டு நிமிடம் இப்படியே போன பிறகுதான் குட்டு உடைந்தது. பெரியவர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது எனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று. சட்டத்தில் இஷ்யூ என்றால் சந்ததியாம். பிள்ளை இல்லாமல் இறந்துபோனால் "டைடு வித்தவுட் இஷ்யூ" என்றுதான் காகிதத்தில் எழுதுவார்களாம், நம் ஊரில் அதையே சுருக்கி "இஷ்யூலெஸ்" என்பார்களாம். யோசித்துப் பாருங்கள். நம் தம்பியின் அகராதிப்படி அதற்கு என்ன அர்த்தம்? எந்தப் பிரச்சினையும் இல்லாமல் போய்ச் சேர்ந்த புண்ணியவான்!

பெரியவர் அதோடு விடவில்லை. பென்ஷன்காரருக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் விடுவாரா? கோர்ட்டில் இன்னொரு இஷ்யூவும் உண்டாம். 1908-ஆம் வருடத்து சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 14. வாதி ஒன்றைச் சொல்கிறார், பிரதிவாதி அதை இல்லை என்கிறார், இரண்டு பேரும் முட்டிக்கொள்ளும் அந்த இடம்தான் இஷ்யூ. நீதிபதி அதை ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுத வேண்டும். எழுதிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். "இஷ்யூ ஃபிரேம் பண்ணாம கேஸ் நகராது தம்பி" என்றார். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. கோர்ட்டில் இஷ்யூ என்றால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் இஷ்யூவுக்கு இருந்தது சுழலும் நாற்காலி. நான் திரும்பிப் பார்த்தபோது அதுவும் காலி. தம்பி சாப்பிடப் போய்விட்டான்.

கார்டு வரவில்லை. அதைச் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கல்லூரியில் படிக்கும் மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, உங்களுக்கு ஆங்கர் இஷ்யூஸ் இருக்கு" என்றாள். ஐந்தாவது இஷ்யூ, என் சொந்த இஷ்யூவின் வாயிலிருந்தே. "கோபம் வருதுன்னு சொல்லு தாயி" என்றேன். "இதையெல்லாம் ஒரு இஷ்யூ ஆக்காதீங்கப்பா" என்றாள். ஆறு.

அகராதியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்திரிகையின் இதழும் இஷ்யூதான். தபால்தலை வெளியிட்டால் இஷ்யூ. கம்பெனி பங்கு விற்றால் பப்ளிக் இஷ்யூ, இருக்கிற பங்குதாரரிடமே கை நீட்டினால் ரைட்ஸ் இஷ்யூ, சும்மா கொடுத்தால் போனஸ் இஷ்யூ. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சிம்மக்கல் நூலகத்தில் புத்தகத்தின் பின்னால் தேதி முத்திரை குத்திக் கையில் கொடுப்பார்களே, அதுவும் இஷ்யூ. அது ஒன்றுதான் என் வாழ்க்கையில் ஒழுங்காக நடந்த இஷ்யூ. உடம்பிலிருந்து ரத்தம் போவதற்கும் அதே சொல். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் பன்னிரண்டு வருடமாக அந்த நோயில் கிடந்த பெண்ணைப் பற்றி வருகிற இடத்தில் இஷ்யூ என்றே இருக்கிறது. தமிழ் பைபிளில் அந்த நோய்க்கு என்ன சொல் தெரியுமா? பெரும்பாடு. எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது. ஏழு வாரமாக நான் படுகிறதற்கும் அதுதானே பெயர்.

பல அர்த்தம் இருப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 430 அர்த்தமாம். இப்போது 'ரன்' 645 என்று அதையும் முந்திவிட்டதாம். (செட் தோசையைச் சேர்த்திருந்தால் செட் தோற்றிருக்காது என்பது என் தாழ்மையான கருத்து.) நமக்கும் இது புதிதில்லை. ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல், இரண்டையும் திரிசொல் என்று தொல்காப்பியமே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதி முழுக்க ஒரே சொல் பல பொருள்தான். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதைப் போட்டு உருவேற்றுவார்கள். 'மா' என்றால் மாமரம், குதிரை, விலங்கு, திருமகள், கறுப்பு, பெரியது, இருபதில் ஒரு பங்கு. ஆனால் இந்த ஊரில் எந்தக் காலத்திலாவது, எந்தச் சாவடியிலாவது, யாராவது ஒரு கணக்குப்பிள்ளை "மா ஆயிருச்சு சார், அதுல ஒரு சின்ன மா" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பாரா?

என் வயிற்றெரிச்சல் அங்கேதான். தொலைந்துவிட்டது என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தால் யார் தொலைத்தது என்று கேட்டிருப்பேன். குளறுபடி என்றிருந்தால் குளறியவனைக் காட்டு என்றிருப்பேன். பழுது என்றால் பழுது பார்க்க ஆள் வர வேண்டும். தகராறு என்றால் எதிரே ஒருத்தன் நின்றாக வேண்டும். வில்லங்கம் என்றால் அதற்குச் சான்றிதழே கொடுக்கிறார்கள், பத்திர ஆபீசில் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர் ஏழரைகூடத் தானாக வராது, அதைக் கூட்டியவன் ஒருவன் இருப்பான், அவன் யார் என்று தெருவுக்கே தெரியும். இஷ்யூவுக்கு மட்டும் அப்பனும் கிடையாது, ஆத்தாளும் கிடையாது. மழை மாதிரி, பனி மாதிரி அதுவாக இறங்குகிறது. தண்ணீர் லாரி வராததும் இஷ்யூ, ஈபி கம்பியில் அணில் விழுந்ததும் இஷ்யூ, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதும் இஷ்யூ. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று போன வாரம் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் வந்து அண்ணாந்து பார்த்து, "லீக்கேஜ் இஷ்யூண்ணே" என்று சொல்லி முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதை நான்தானே அவருக்கு போனில் சொன்னேன்!

ராத்திரி தூங்குவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று கண்ணில் பட்டது. இந்தச் சொல் பிறந்த கதை. லத்தீனில் 'வெளியே போ' என்பதற்கான வினைச்சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இஷ்யூ ஆகியிருக்கிறது. 'எக்சிட்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பிள்ளையைப் போய்த் திட்டினேனே. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் அவன் முதல் வரியிலிருந்தே மூலப் பொருள் மாறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வெளியே போங்க சார். வெளியே போறதுல ஒண்ணும் வெளியே போ இல்ல சார். வீட்டுக்காரி எழுந்து, "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றுமில்லை, படு என்றேன்.

அது கிடக்கட்டும். இன்றைக்குச் சாயங்காலம் மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று பரோட்டாக் கடைக்குப் போனால், இரண்டாவது கரண்டி சால்னாவுக்குத் தனியாகப் பத்து ரூபாயாம். சால்னாவுக்கு! மதுரையில்! கேட்டால் முதலாளி கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிற பேப்பரைக் காட்டுகிறார். இருபத்தைந்து வருடமாக அந்தக் கடையில் சாப்பிடுகிறேன், சால்னா வாளி மேசையிலேயே உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து. அந்த வாளியை எப்போது எடுத்தார்கள், யாரைக் கேட்டு எடுத்தார்கள்?