ஐந்து கட்டைச் சுருதி

மகளின் டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் 'இசை' என்று போட்டிருக்கிறது. என்ன பாடினீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கணக்கு டீச்சர் எடுத்துக்குவாங்கப்பா" என்றாள். படிப்பது ஏழாம் வகுப்புதான். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் பாட்டு டீச்சர் ஞாபகமாகவே இருக்கிறது.

நான் படித்தது கேரளத்தில், பாலக்காட்டு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியம், 1990களில். ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் ஜன்னலைச் சாத்தினால்தான் சுருதி காதில் விழும். டீச்சர், பாலக்காட்டில் பாடகர் செம்பை பெயரில் இருக்கிற அரசு இசைக் கல்லூரியில் படித்தவர். மிருதங்க வித்வான் மணி ஐயர் பெயரோடு சேர்த்துச் சொன்ன ஊர், பாடகர் எம்.டி. ராமநாதன் பிறந்த ஜில்லா, பாட்டுக்கா பஞ்சம்? ஆனால் கள்ளு இறக்குகிற வீட்டிலிருந்தும் களை பறிக்கப் போகிற வீட்டிலிருந்தும் வந்த எங்களுக்கு அது வாரத்தில் அந்த ஒரு பீரியடில்தான் கிடைத்தது.

பாட்டில் முதல் பாடமான சரளி வரிசையை அவர் எங்களுக்கு முதலில் காலுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். வராந்தாவில் சாக்பீஸால் எட்டுக் கோடு. ச-விலிருந்து ரி ஒட்டினாற்போல. ரி-யிலிருந்து க-வுக்கு வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி ஒரு தாண்டு. அப்புறம் ம மறுபடி ஒட்டி. ம-வுக்கும் ப-வுக்கும் நடுவே சாதாரணமாக ஓர் எட்டு வைப்போம். ப-விலிருந்து திரும்ப அதே நடை: ஒட்டி, தாண்டி, ஒட்டி. பாடிக்கொண்டே தாண்டுவோம். தாய் ராகங்களில் பதினைந்தாவது, மாயாமாளவகௌளை என்ற பெயரெல்லாம் அப்புறம் வந்தது. முன்பாதியும் பின்பாதியும் ஒரே அளவு என்பதை அதற்குள் கால் கண்டுகொண்டிருந்தது.

எட்டாவதில் எனக்கு மகரக்கட்டு. ஆண்டு விழாவுக்குப் பழகும்போது குரல் பிளந்துவிட்டது, பையன்கள் சிரித்தார்கள். டீச்சர் என்னை அனுப்பிவிடவில்லை. சுருதிப் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். "தொண்டை கட்டினா காதும் கட்டிப்போச்சா? பிடி கண்ணு." செம்பை வைத்தியநாத பாகவதருக்கு நல்ல வயதில் குரலே எழாமல் போனதும், அது திரும்பி வந்து 1974இல் கண்மூடும் வரை பாடியதும் அன்றைக்குத்தான் கேட்டேன். துருத்தியைப் பிடிக்கிற கை அவசரப்பட்டால் சுருதி ஏங்கும். நாற்பது பேர் பாடுகையில் நான் அந்த ஒரு ச-வை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வருஷம் முழுக்க அதுதான் என் வேலை.

எங்கள் வகுப்பில் ஒருவர்கூடப் பாடகர் ஆகவில்லை. அதனால் அந்தப் பீரியட் வீண் என்று சொல்கிறவர்கள் என் கடைக்கு வந்து அரை மணி நேரம் உட்காரட்டும். மோட்டார் ரீவைண்டிங் கடை. கிழக்குப் பாலக்காட்டில் போர்வெல் இல்லாத தோப்பு குறைவு, வேலைக்குக் குறைவில்லை. பேரிங் தேய ஆரம்பித்தால் முரலுகிற சத்தத்துக்கு மேலே மெல்லிசாக ஒரு கரகரப்பு ஏறும். மீட்டர் வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதைக் கொடுத்தது டீச்சர். இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை, என் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான்.

போன வருஷம் டீச்சர் வீட்டு மோட்டாரை நானே கொண்டுபோய் மாட்டினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, "கேளுங்க டீச்சர், உங்க அஞ்சு கட்டை" என்றேன். கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மோட்டார் முரலுவது அதில் இரண்டு மடங்கு, 100. ஐந்து கட்டை என்பது டீச்சர் பாடுகிற சுருதியின் உயரம். அதன் ச இந்த 100-க்குப் பக்கத்தில்தான், டீச்சர் பாடுவதற்கு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில். சுவரில் கை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "கொஞ்சம் ஏத்தமா நிக்குது கண்ணு."

கணக்கும் அப்படித்தான். அந்தக் கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டைக்கு 98 ஹெர்ட்ஸ். எழுபது வயசில் அந்த இரண்டைப் பிடித்துவிட்டார்!

வரும் வெள்ளிக்கிழமை மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன். சுருதிப் பெட்டி இல்லை என்றால், சரி, நான் வாங்கித் தருகிறேன்.