கம்பனி கைமாறினா கார் செத்துடுமா?

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் நிண்ட பழைய மொறிஸ் மைனர் காரை வெட்டிப் பிரிச்ச படம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. இரும்பு விலைக்குப் போயிருக்கு. வித்தவரில எனக்குக் கோபம் இல்ல, அவருக்கு என்ன கஷ்டமோ. ஆனா படத்துக்குக் கீழ வந்து "கம்பனியே சீனாக்காரன்ட கைக்குப் போயிட்டு, இனிச் சாமான் வராது, வெட்டினது சரி" எண்டு எழுதினாக்களுக்குப் பதில் சொல்லாம விடேலாது.

கம்பனி கைமாறினதால கார் சாகிறல்ல. கிறீஸ் அடிக்காமத்தான் சாகுது.

வில்லியம் மொறிஸ் 1913ல ஒக்ஸ்போர்ட்டில முதல் காரை விட்டார். மைனர் வந்தது 1948ல. 1952லயே மொறிஸும் ஒஸ்ரின் கார்க் கம்பனியும் ஒண்டாகி பி.எம்.சி. எண்ட கம்பனி ஆச்சு. 1968ல பிரிட்டிஷ் லேலண்ட். 1971ல மைனர் காரை நிப்பாட்டிட்டாங்க. 1975ல அரசாங்கம் எடுத்து, 1988ல பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு வித்தது. அவங்க 1994ல பி.எம்.டபிள்யூவுக்கு. 2000ல பி.எம்.டபிள்யூ மினியை வச்சுக்கொண்டு, அப்ப ரோவர் எண்டு பேர் மாறியிருந்த கம்பனியைப் பத்துப் பவுணுக்குக் கைகழுவினது. 2005ல அதுவும் முறிய, சீனாவின்ட நாஞ்சிங் கம்பனி வாங்கினது. இப்ப அது ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி. எண்ட கார்க் கம்பனிக்குள்ள.

கணக்குப் பாருங்க. சீனாக்காரன் வாங்கக்குள்ள மைனர் நிண்டு 34 வருஷம். அதுவரைக்கும் நம்மட றோட்டில ஹயர் ஓடின காருகளுக்கு எந்தக் கம்பனி சாமான் அனுப்பினது?

"சாமான் எங்க எடுக்கிற?" எண்டு கேப்பீங்க. 1990களில இலங்கையில, காலி நகரத்தில மைனருக்குத் தகடு அடிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. நம்மட நாட்டிலயிருந்து அங்க! மைனரில இருக்கிற ஏ சீரிஸ் எஞ்சின் 2000 வரைக்கும் மினியில வந்தது. மைனர்ச் சாமானை இங்கிலாந்தில இண்டைக்கும் புதுசாச் செய்து விக்கிறாங்க. ஏசி இல்ல, வேகம் இல்ல எண்டா, சரி, இல்லத்தான்.

காரைக் கொல்லுறது என்னெண்டு சொல்லுறன். முன் சில்லு திரும்புற சுவிவல் பின் கீழ ட்ரனியன் எண்ட மூட்டுக்குள்ள மரையில நிக்குது. ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்கணும். சில்லு நிலத்தில நிக்கக்குள்ள அடிச்சா உள்ளுக்குச் சரியா ஓடாது. ஜக் போட்டுத் தூக்கி, கறுப்புக் கிறீஸ் முழுக்க வெளிய வந்து புதுசு தெரியிறவரைக்கும் அடிக்கணும். அடிக்காட்டி மரை தேஞ்சு, ஒரு நாளைக்கு வளைவில சில்லு மடிஞ்சு விழும். மாத்தக்குள்ள இடது வலது பாருங்க, ரெண்டும் வேற வேற.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ட்ரைவரின்ட காலடிக்குக் கீழ, சேசிக்குள்ள இருக்கு. மாரி வெள்ளத்துக்குள்ள நிண்ட கார் எண்டா காபெற்றைத் தூக்கி, தகட்டு மூடியைக் கழட்டி ஒயிலைப் பாருங்க. தண்ணி கலந்தா சிலிண்டர் உள்ளுக்குக் கறள் பிடிச்சு இறுகும். அதோட இந்தக் காரில பற்றறியின்ட பிளஸ்தான் பொடியில பூட்டுறது. புதுக் காரைப் போல மைனஸைப் பூட்டின மெக்கானிக்மார் றேடியோவை எரிச்சுப்போட்டு "லூக்காஸ் கம்பனி வயரிங் சரியில்ல" எண்டுறாங்க.

இதில எது கம்பனி கைமாறினதால வந்தது? ஒண்டும் இல்ல.

"பழசைப் பிடிச்சுக்கொண்டு அழுறீங்க" எண்டும் ஒரு தம்பி எழுதியிருக்கார். யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடை நேரம் கொஞ்சம் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினது இந்த மாதிரிக் காருகள்தான். எத்தின பிள்ளைத்தாச்சியள் இதுகளின்ட பின் சீற்றில ஆசுபத்திரிக்குப் போனாங்க. அதை இரும்புக் கிலோவில நிறுக்கிறதைப் பார்த்து வயிறு எரியாதா தம்பி?

வெட்டின இடத்தில எஞ்சினும் கியர்பொக்ஸும் முன் சுவிவல் ரெண்டும் இன்னும் கிடந்தா உருக்கக் குடுத்திடாதீங்க. காத்தான்குடியிலயோ கல்முனையிலயோ மைனர் வச்சிருக்கிற ஆராவது எடுப்பாங்க. எங்க கிடக்கு எண்டு தெரிஞ்சாக்கள் உள்பெட்டியில சொல்லுங்க.