அது அவர்கள் டிவி இல்லை, நம்ம டிவி

சென்னைத் தூர்தர்ஷன் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் எழுதிவிட்டார்கள், நாமும் எதற்கு என்று பேசாமல் இருந்தேன். நேற்று ஒரு நண்பர், நன்றாகப் படித்தவர், நல்ல மனிதர், "ஒரு வரிதானே சார், பாடினவங்க மறந்துட்டாங்க, மன்னிப்பும் கேட்டாச்சு, இன்னும் என்ன?" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சரி, மறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாடியவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மேடையில் நின்று பாடுகிறவர்களுக்கு வரி தவறும், அது மனித இயல்பு. என் கோபம் அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல். 2024 அக்டோபர் 18, சேப்பாக்கம், தூர்தர்ஷன் நிலையம். 1975 ஆகஸ்ட் 15 முதல் தமிழில் ஒளிபரப்புகிற நிலையம் அது. அதன் பொன்விழாவை இந்தி மாத நிறைவு விழாவோடு சேர்த்து நடத்துகிறார்கள். ஆளுநர் மேடையில் இருக்கிறார். மொத்தமே 55 வினாடி ஓடும் தமிழ்த்தாய் வாழ்த்து. அதில் "தெக்கணமும்" என்று தொடங்கும், திராவிட நல் திருநாட்டைச் சொல்லும் வரி அப்படியே காணாமல் போகிறது. ஒலிவாங்கி வைத்தவர், கேமரா பிடித்தவர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர், அதிகாரிகள் என்று அத்தனை பேர் இருந்தார்களே, ஒருவர்கூட எழுந்து "மன்னிக்கவும், மறுபடி பாடுகிறோம்" என்று சொல்லவில்லை. சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தவறவிட்டால்கூட டீச்சர் திரும்பப் பாடச் சொல்வார்.

அப்புறம் அந்த நிலையம் கேட்ட மன்னிப்பு. பாடியவர்களின் கவனச் சிதறல் என்று பழியை அவர்கள் தலையில் இறக்கிவைத்தார்கள். ஆளுநருக்கு நேர்ந்த சங்கடத்துக்கும் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது. தப்பு நடந்ததும் அந்த நிலையத்துக்கு யாருடைய முகச்சுளிப்பு பெரிதாகத் தெரிகிறது பாருங்கள். அது ஆளுநருக்குச் சொந்தமான டிவி இல்லை. டெல்லியில் இருக்கும் அமைச்சகத்துக்கோ ஆளும் கட்சிக்கோ சொந்தமானதும் இல்லை. நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிற, நம்முடைய டிவி.

"துணை முதல்வராக இருந்த உதயநிதியின் விழாவிலும்தான் தப்பாகப் பாடினார்கள், அதற்கு என்ன சொல்கிறாய்?" என்று ஒரு கூட்டம் தயாராக நிற்பது தெரியும். ஆமாம், அக்டோபர் 25 அன்று தலைமைச் செயலகத்தில் அதுவும் நடந்தது. அங்கே திரும்பப் பாடினார்கள். நான் கேட்பது அதைத்தான். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரம் இல்லை.

இன்னொரு கேள்வி இருக்கிறது. "இப்போ யார் சார் டிடி பார்க்கிறார்கள்?" இதைக் கேட்பவர்கள் அதைத் தங்கள் பெருமையாகவே கேட்கிறார்கள். என் அம்மா பார்க்கிறார். எண்பதை நெருங்கும் வயது. மற்ற சேனல்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவது அவருக்குத் தாங்கவில்லை, தலை வலிக்கிறது என்பார். டிடியில் ஒருவர் உட்கார்ந்து நிதானமாகச் செய்தி வாசிக்கிறார், காதில் விழுகிறது, புரிகிறது. "கவர்மென்ட் டிவி, பொய் சொல்ல மாட்டான்" என்பது அம்மாவின் கணக்கு. அந்த நம்பிக்கையை யாரும் விளம்பரம் கொடுத்து வாங்கியதில்லை. அதுவாக வந்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை. நாட்டிலுள்ள ஒவ்வொரு கேபிள்காரரும் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று 1995 கேபிள் சட்டத்திலேயே இருக்கிறது. மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வட இந்தியக் கிராமங்களில் ஏராளமான வீடுகளில் இருக்கிறது. யாரும் பார்க்காத டிவிக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு? யாரும் பார்க்காத டிவியின் மேல் ஆளுகிறவர்களுக்கு இவ்வளவு ஆசை எதற்கு?

எங்கள் ஊரில் டிவி முதலில் வந்தது பஞ்சாயத்து ஆபீசுக்குத்தான். கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. சுவரில் மரப்பெட்டி, பச்சைப் பெயின்ட், இரண்டு கதவு, ஒரு பூட்டு. சாவி தலையாரியிடம். சாயங்காலம் அவர் வந்து பூட்டைத் திறக்கும்போது நாங்கள் ஏற்கனவே தரையில் இடம் பிடித்திருப்போம். கொடைக்கானல் டவர் வருவதற்கு முன்னால் சென்னைப் படம் எங்களுக்குக் கிடையாது. கடலோர ஊர்களில் உயரமான கம்பம் நட்டு இலங்கை ரூபவாஹினி பார்த்த காலம் அது. டவர் வந்த பிறகு வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்க ஊரே கூடும். ஆனால் என் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை முக்கியமில்லை. அவருக்கு வயலும் வாழ்வும். கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு விழுந்த வருடம், விளக்குப்பொறி வைப்பது எப்படி என்று ஒரு வேளாண் அதிகாரி வந்து சொன்னார். அப்பா சட்டைப் பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்துப் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் எங்கள் காட்டில் அரிக்கேன் விளக்கு, அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு. விடியற்காலையில் தட்டு நிறைய அந்துப்பூச்சி கிடந்ததை நான் பார்த்தேன். ஒரு அரசுத் தொலைக்காட்சி என்ன செய்ய முடியும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சித்தப்பாவுக்கு எதிரொலி. பார்வையாளர்கள் எழுதும் கடிதங்களை வாசித்து நிலையத்தின் சார்பில் ஒருவர் பதில் சொல்லும் நிகழ்ச்சி. தமிழ் நிகழ்ச்சிக்கு நடுவில் டெல்லி புகுந்து இந்தி ஓடுவதைப் பற்றி சித்தப்பா போஸ்ட் கார்டு போட்டார், சூடாகவே எழுதினார். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்பதை இந்தியில் "ருகாவட் கே லியே கேத் ஹை" என்று பலகை வைத்தால் எங்கள் ஊரில் யாருக்கு விளங்கும் என்று கேட்டிருந்தார். அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லி வாசித்தார்கள். பதில் மழுப்பல்தான், ஒன்றும் மாறவில்லை. ஆனால் திட்டி எழுதியவனுக்கும் முகத்தைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு அந்த நிலையத்துக்குத் தோன்றியது. இன்றைக்கு அது தோன்றவில்லை.

"பழைய டிடியைப் புனிதமாக்காதே, காங்கிரஸ் என்ன யோக்கியமா?" சரியான கேள்வி. இதை நான் ஒதுக்க மாட்டேன். யோக்கியம் இல்லை. எமர்ஜென்சியில் தூர்தர்ஷனும் வானொலியும் இந்திரா காந்தியின் வீட்டு ஒலிபெருக்கியாகவே ஆகிப்போயின. தகவல் அமைச்சராக இருந்த ஐ.கே.குஜ்ரால், இந்திராவின் மகன் சஞ்சய் காந்தி சொன்னபடி ஆடவில்லை என்று மாற்றப்பட்டு, வி.சி.சுக்லா வந்தார். 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் இந்திராவை எதிர்த்து ஜெயப்பிரகாஷ் நாராயணனும் ஜெகஜீவன் ராமும் பேசிய கூட்டத்துக்கு மக்கள் போகக் கூடாது என்று, அன்றைய ஞாயிறு படத்தை மாற்றி, கூட்டத்தை இழுக்கும் 'பாபி' என்ற இந்திப் படத்தைப் போட்டார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது என்பது வேறு விஷயம். 1984 அக்டோபர் 31 அன்று நாட்டின் பிரதமர் இறந்த செய்தியை உலகம் பிபிசியில் கேட்டு முடித்த பிறகு, சாயங்காலம்தான் நம் வானொலி அதிகாரப்பூர்வமாகச் சொன்னது. ராஜீவ் காலத்தில் ராஜீவ் தர்ஷன் என்றே பெயர் வைத்தார்கள் மக்கள். எங்கள் அப்பா டிடி செய்தி பார்த்துவிட்டு, எது நிஜம் என்று தெரிந்துகொள்ள பிபிசி தமிழோசை கேட்பார்.

இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். இந்த அசிங்கத்தைப் பார்த்த பிறகுதானே சட்டம் கொண்டுவந்தார்கள்? அன்று மாற்றப்பட்ட அதே குஜ்ரால் பிரதமராக இருந்த 1997இல்தான், 1990இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டுத் தூங்கப்போட்ட, தூர்தர்ஷனையும் வானொலியையும் தன்னாட்சி அமைப்பின் கீழ் கொண்டுவரும் பிரசார் பாரதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. பொதுச்சொத்து. என் சொத்து, உங்கள் சொத்து, எங்கள் ஊர்த் தலையாரியின் சொத்து. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உண்மையான, நடுநிலையான தகவலைச் சொல்லச் சொல்கிறது, பல்வேறு பகுதிகளின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் போதிய இடம் கொடுக்கச் சொல்கிறது. கூடவே 23ஆம் பிரிவில் மத்திய அரசு உத்தரவு போடலாம் என்றும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். சம்பளப் பணம் மத்திய அரசின் மானியம். பணம் அங்கிருந்து வந்தால் தன்னாட்சி எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்கும் தெரியும். இந்த வாசலைக் காங்கிரசும் மூடவில்லை, யாரும் மூடவில்லை. காங்கிரஸ் செய்தது தப்பென்றால் இப்போது நடப்பதும் தப்புதான். அன்று எமர்ஜென்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனோம் என்று இன்றைக்கும் மேடையில் சொல்கிறவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள். அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

என்ன நடக்கிறது? 2014 அக்டோபரில் ஆர்எஸ்எஸ் தலைவரின் விஜயதசமி உரை நாக்பூரிலிருந்து தூர்தர்ஷனில் நேரலை. 2017இல் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையைப் பதிவு செய்துவிட்டு, மாற்றினால்தான் ஒளிபரப்புவோம் என்று கடிதம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல்வர்! 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கேரளத்தை இழிவுபடுத்துகிறது என்று அங்கே முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே குரலில் எதிர்த்த 'தி கேரளா ஸ்டோரி' படத்தைப் போட்டார்கள். டிடி நியூஸ் இலச்சினையின் சிவப்பு, அதே மாதத்தில் காவியானது. இங்கே 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை எடுத்துவிட்டு டிடி தமிழ் என்றார்கள். அதற்கும் நாம் பெரிதாகச் சத்தம் போடவில்லை.

எனக்கு மறக்க முடியாதது 2024 மே மாதம் நடந்தது. கட்சிகளுக்குத் தேர்தல் நேரத்தில் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் பேச நேரம் ஒதுக்குவார்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரி பேசப் போனார். "வகுப்புவாத சர்வாதிகார ஆட்சி" என்பதை எடுக்கச் சொன்னார்கள், "கொடூரச் சட்டங்கள்" என்பதை எடுக்கச் சொன்னார்கள். ஃபார்வர்டு பிளாக் என்ற இடதுசாரிக் கட்சியின் தேவராஜன் உரையிலிருந்து "முஸ்லிம்கள்" என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். யெச்சூரி உரையின் இந்தி வடிவத்தில் ஒன்றையும் தொடவில்லை என்று அவரே சொன்னார். எதிர்க்கட்சி எதிர்க்கட்சியாகப் பேச நாட்டின் சட்டப்படி கிடைக்கும் சில நிமிடங்கள் அவை. யெச்சூரி அந்த ஆண்டு செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். அரை நூற்றாண்டு அரசியலில் இருந்த மனிதர், தன் கடைசித் தேர்தலில் எந்த வார்த்தையைப் பேசலாம் என்று ஒரு நிலைய அதிகாரியிடம் கேட்க வேண்டியிருந்தது. நான் கம்யூனிஸ்ட் இல்லை, அவருக்கு ஒரு நாளும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனவே ஒரு வரிதானே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மே மாதம் அங்கே வார்த்தை போனது, அக்டோபரில் இங்கே வரி போயிருக்கிறது. முதலாவது வேண்டுமென்றே செய்தது, இரண்டாவது மறதி என்கிறார்கள். முதலாவதைச் செய்தவர்கள் சொல்லும்போது இரண்டாவதை நான் எப்படி நம்புவது? நம்பிக்கை போனதற்கு நான் பொறுப்பா?

"சன் டிவி, கலைஞர் டிவி, ஜெயா டிவி எல்லாம் கட்சி டிவிதானே, அப்போ வாயை மூடிக்கொண்டுதானே இருந்தாய்?" இதையும் எழுதியிருக்கிறார்கள். கட்சி டிவியைப் பற்றி எனக்கும் ஆயிரம் மனக்குறை உண்டு. தமிழ்நாட்டு மக்களுக்கு ஒரே செய்தியை மூன்று கட்சியின் மூன்று சேனலில் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொள்ளும் பழக்கம் வந்து வெகு காலம் ஆகிறது. ஆனால் அவர்கள் பணம், அவர்கள் சேனல், பிடிக்காவிட்டால் மாற்றிவிடலாம். தூர்தர்ஷனை நான் பார்க்காவிட்டாலும் அதற்குப் பணம் கொடுக்கிறேன். உப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் கொடுக்கிறார், திமுககாரரும் பாஜககாரரும் கொடுக்கிறார்கள். பாஜககாரர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசியுங்கள். நாளைக்கு ஆட்சி மாறும், மாறாத ஆட்சி எங்கேயும் இல்லை. அன்றைக்கு இதே தூர்தர்ஷன் உங்கள் தலைவரின் உரையிலிருந்து வார்த்தையை எடுக்கச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அன்றைக்கும் நான் இதே பதிவை எழுதுவேன். நீங்கள் அதைப் பகிர்வீர்கள்.

உள்ளே வேலை பார்க்கும் ஒருவர், பெயர் வேண்டாம், "எங்களை ஏன் சார் திட்டுறீங்க, எங்க கையில என்ன இருக்கு?" என்று வருத்தப்பட்டார். உங்களைத் திட்டவில்லை. உங்கள் நிலையத்தில் எத்தனை நாதஸ்வரக்காரர்கள், எத்தனை தெருக்கூத்துக் கலைஞர்கள் முதன்முதலாகக் கேமரா முன் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பியிருக்கிறேன். அன்றைய விழாவில் பாடியவர்களை ஏற்பாடு செய்தது யார், வரி விடுபட்டதும் திரும்பப் பாடச் சொல்லாதது ஏன், பொறுப்பான அதிகாரியிடம் விளக்கம் கேட்கப்பட்டதா, பொன்விழாவை இந்தி மாத விழாவோடு சேர்க்கச் சொன்னது யாருடைய உத்தரவு. என்ன பதில் வந்தாலும் ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே போடுகிறேன். அதுவரை "ஒரு வரிதானே" என்று வருகிற யாருக்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை.