1.5 வோல்ட் பட்டன் பேட்டரியும் சிவப்பு எல்.இ.டி.யும்

மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் ஒரே ஓர் எல்ஆர்44 பட்டன் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி. நன்றாக எரியும் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் வருகிறார்கள்.

மன்னிக்கணும் அண்ணே, சிக்கல் ரெசிஸ்டரில் இல்லை. சாதாரண சிவப்பு எல்.இ.டி. ஒளிர ஏறக்குறைய 1.8 முதல் 2 வோல்ட் வேண்டும். புது எல்ஆர்44 தருவதே 1.5 தான். அந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் பெயருக்குத்தான் பாயும்.

தோட்டத்து சோலார் விளக்கு 1.2 வோல்ட் பேட்டரி ஒன்றிலேயே எரிகிறதே என்பீர்கள். பழுதான ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் சின்னச் சிப்பும் கம்பிச் சுருளும் (காயில்) உள்ளே இருக்கும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மின்னளவு பார்க்கும் மல்டிமீட்டரை டயோடு சோதனை நிலையில் வைத்து, சிவப்பு முனையை எல்.இ.டி.யின் நீளக் காலிலும் கறுப்பை மற்றதிலும் தொடுங்கள். எல்.இ.டி.க்கு வேண்டிய வோல்ட்டாகத் திரையில் வரும் எண் 1.5-ஐத் தாண்டியிருக்கும். (சில மலிவு மீட்டர்கள் அவ்வளவு வோல்ட் கொடுக்காது, எண்ணே வராது.) மீட்டர் இல்லையா? கோலாலம்பூரில் புடு ஜாலான் பாசார் பக்கம் போனால் எல்.இ.டி., 470 ஓம் ரெசிஸ்டர் எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். முதலில் ஒரு பேட்டரி, அப்புறம் இரண்டைத் தொடராக (ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸைத் தொடும்படி) வைத்து அந்த ரெசிஸ்டரோடு இணைத்துப் பாருங்கள். இரண்டாவதில் சுமார் 2 மில்லி ஆம்பியர் ஓடும், அடையாள விளக்குக்கு அது தாராளம்.