அடுத்தாள்

போன வாரம் ஒரு தம்பி என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தான். சென்னை பிராட்வே பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் கம்பெனியில் 11 வருஷமாக வேலை. வேறு இடம் தேடுகிறானாம். "இப்ப என்னவா இருக்கே?" என்று கேட்டேன். "எச் கார்டுதான்க்கா" என்றான். ஏன் ஜி கார்டு பரீட்சைக்குப் போகவில்லை என்று கேட்டால், "சார் லெட்டர் தரலக்கா. கேட்டா அடுத்த வருஷம் பார்க்கலாம்பாரு" என்றான். அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. இந்த வருஷம் மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வந்தால் அதற்குரிய பில்லை, அதாவது சரக்கு விவரப் படிவத்தை, சுங்கத்துறையில் தாக்கல் செய்து, வரி கட்டி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இதில் வளர்ச்சி என்பது எஃப், ஜி, எச் என்ற மூன்று எழுத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவரை ஒரு கம்பெனி எச் கார்டில் சேர்க்கலாம். அவர் கூடமாட உதவலாம், கையெழுத்துப் போட முடியாது. சுங்கத்துறை வைக்கும் பரீட்சையில் பாஸானால் ஜி கார்டு. அப்புறம் கம்பெனி சார்பில் பில்லில் கையெழுத்துப் போடலாம். அதற்கும் மேலே பட்டதாரிகளுக்கு ஒரு பெரிய பரீட்சை, எழுத்தும் நேர்முகமும் உண்டு. அதைத் தாண்டினால் எஃப் கார்டு, சொந்த லைசென்ஸுக்கு வழி. இவ்வளவு தெளிவாகப் படி கட்டி வைத்திருக்கும் தொழில் வேறு எத்தனை இருக்கிறது? அந்தப் படியில் கால் வைக்க முதலாளியின் தயவு வேண்டும் என்பதுதான் சங்கடம்.

வேலைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. 2001-ல் எண்ணூரில் இன்றைய காமராஜர் துறைமுகம், 2013-ல் காட்டுப்பள்ளி. வடக்கே ஒரே கடற்கரையில் மூன்று துறைமுகம் ஆகிவிட்டது. மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் போனால் கண்டெய்னர் யார்டுகள்தான் கண்ணில் படும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாலு மேஜை போட்டிருந்த கம்பெனிகள் இன்று இரண்டு மாடி எடுத்து நடத்துகின்றன. பார்ட்டி, அதாவது சரக்கை எடுக்கச் சொல்லி வரும் வாடிக்கையாளர்கள், கூடியிருக்கிறது, பில் எண்ணிக்கை கூடியிருக்கிறது, முதலாளிகளின் கார் மாறியிருக்கிறது. அந்த மேஜைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு 2004-ல் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகத்தில் டாக்குமென்டேஷனுக்குச் சேர்ந்தேன். மாதம் 2,500 ரூபாய். இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் பார்த்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். சுங்க வரிப் பட்டியலில் எந்தப் பொருள் எந்தத் தலைப்பில் வரும், எவ்வளவு வரி என்பதை முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஏன் அந்தத் தலைப்பு என்று ஒரு தடவை கேட்டேன். "ஏம்மா, சொன்னதை அடி" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். அப்பா டிரெய்லர் ஓட்டினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் வண்டிகளின் வரிசையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் நடந்து போயிருக்கிறேன். ஆனால் கதவு திறந்த ஒரு கண்டெய்னருக்கு முன்னால் நான் நின்றதே இல்லை. 6 வருஷம் ஆயிரக்கணக்கான கண்டெய்னர் நம்பர்களை அடித்தவள் நான்.

2010-ல் ஒரு நாள் ஒரு நம்பரில் இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். கப்பல் கம்பெனி கொடுத்த மேனிஃபெஸ்ட் என்ற சரக்குப் பட்டியலோடு பில் ஒத்துப்போகவில்லை. சரக்கு யார்டில் நின்றுவிட்டது. திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்து அலைந்து முடிப்பதற்குள் வாடகை ஏறிவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். அன்றைக்கு யார்டுக்குப் போக வேண்டிய பையனுக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை. அதனால் பேப்பரைக் கையில் கொடுத்து என்னையே மணலிக்கு அனுப்பினார். தண்டனை மாதிரிதான்.

யார்டில் சரக்கை எண்ணிக் குறிக்கும் வயதான ஒரு டேலி கிளார்க் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். கண்டெய்னர் கதவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். "கடைசி நம்பரு மேல கட்டம் கட்டிக்கிறான் பாரு, அது இன்னாத்துக்குன்னு தெர்யுமா?" என்றார். தெரியாது. ஒரு பீடிக்கட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். முன்னால் நாலு எழுத்து, அப்புறம் ஆறு எண். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. வரிசையாக ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மிச்சம்தான் அந்தக் கட்டம் போட்ட ஏழாவது எண். மிச்சம் பத்து வந்தால் சுழி. நடுவில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் கடைசி எண் இடித்துக் காட்டிவிடும். தப்பைக் கண்டுபிடிக்க என்றே அந்தப் பெட்டியின் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

அதற்குள் சீல் முத்திரையை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். உள்ளிருந்து சூடான காற்று வந்து முகத்தில் அடித்தது, புது அட்டைப்பெட்டி வாசனையோடு. ஆறு வருஷமாக நான் "கார்ட்டன், 420" என்று அடித்துக்கொண்டிருந்தது இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தக் கணக்கை அலுவலகத்தில் யாராவது முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். முதலாளி கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் புடவை வாங்கித் தருவார், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பணம் கொடுத்து உதவினார். வேலையின் காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். அது தன்னிடம் இருக்கும்வரைதான் தனக்கு மரியாதை என்று நினைத்தார்.

அடுத்து நான் போன கம்பெனியில் அந்த எண்ணத்துக்கு என்ன விலை என்பதைக் கண்ணால் பார்த்தேன். 2018-ல் என்று நினைவு. முதலாளி மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. ஒரு பார்ட்டிக்குப் புது மாதிரியான மெஷின் பாகம் வந்திருந்தது. எந்தத் தலைப்பில் போடுவது என்று முடிவெடுக்க அலுவலகத்தில் ஆள் இல்லை. 15 வருஷ அனுபவம் உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் விடை தெரியும். "சார் வரட்டும், நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிட்டார்கள். பில்லைத் தாமதமாகப் போட்டால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000. மூன்று நாளில் 15,000 போனது. பார்ட்டி அதை எங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். இப்போது கப்பல் வருவதற்கு முந்தின நாளே பில் போட்டிருக்க வேண்டும் என்று விதியை இன்னும் இறுக்கிவிட்டார்கள். இந்த வேகத்தில் ஒரே ஒரு மண்டையை நம்பி எப்படி ஒரு கம்பெனி நடக்கும்?

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய காலத்தில் கடையில் ஓர் ஏற்பாடு இருந்தது. முதலாளி ஊரில் இருப்பார். கடையை மேலாள் நடத்துவார். அவருக்கு அடுத்தபடி அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊருக்கு வந்து, மறுபடி போகும்போது ஒரு படி மேலே போகலாம். பெட்டியடியில் உட்கார்ந்த பையன் அடுத்தாளாகி, மேலாளாகி, கொஞ்சம் பணம் சேர்த்துத் தானே கடை வைப்பான். அவன் ஒரு நாள் போய்விடுவான் என்று தெரிந்தேதான் அவனுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. கடல் தாண்டி அத்தனை ஊரில் கடை வைக்க அவர்களுக்கு ஆள் கிடைத்தது எப்படி என்பதற்கு இதுதான் பதில்.

நம்ம பிராட்வேயில் முதலாளி இருக்கிறார், பெட்டியடிப் பையன்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அடுத்தாள் எங்கே? காலேஜ் முடித்து வரும் மகனுக்கோ மருமகனுக்கோ அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார்கள். மகன் வரட்டும், தப்பில்லை. ஆனால் அவர் வந்த அன்றே மேனேஜர், கூட இருக்கும் 15 வருஷக்காரர் அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டு அவரையே "சார்" என்று கூப்பிட வேண்டும். இது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலாளிகளின் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. "கத்துக்கொடுத்தா பார்ட்டியை இழுத்துக்கிட்டுப் போயிடுவான்" என்பார்கள். உண்மைதான், போவார்கள். நான் இப்போது ஒரு கம்பெனியில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன், என் கீழே 11 பேர். நான் உட்கார வைத்துப் படிக்க வைத்து ஜி கார்டு வாங்க வைத்த ஒரு தம்பி, மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பார்ட்டியோடு கிளம்பிவிட்டான். இரண்டு மாதம் அவன் பெயரைச் சொன்னாலே எரியும். அந்த இரண்டு பார்ட்டியில் ஒன்று இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் அவன் போன அன்று எங்கள் வேலை நிற்கவில்லை. அவன் மேஜைக்கு வர இரண்டு பேர் தயாராக இருந்தார்கள், அந்த இரண்டு பேருக்கும் பாதி சொல்லிக் கொடுத்தவன் அவனேதான். இப்போது காட்டுப்பள்ளியில் அவனுக்கு ஆள் இல்லாத சரக்கையெல்லாம் எங்களிடம் அனுப்புகிறான். போன பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

சொல்லிக் கொடுக்காமல் வைத்திருந்தாலும் ஆட்கள் போகத்தான் செய்கிறார்கள். 11 வருஷம் காத்திருந்த அந்தத் தம்பி போகத்தானே வந்தான்? நன்றாகக் கற்றுக்கொண்டவன் போனால் பிராட்வேயில் இன்னொரு கடை திறக்கும். கற்றுக்கொள்ளாதவன் போனால் பெரும்பாலும் வாகன ஓட்டியாகவோ டெலிவரிக்கோ போகிறான், இந்தத் தொழிலை விட்டே போகிறான். இதில் எது நமக்கு நஷ்டம்?

பெண்களைப் பற்றி இன்னும் கோபமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த கிளியரிங் ஆபீஸுக்குள் நுழைந்தாலும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்களில் பெண்கள்தான் அதிகமாக என் கண்ணில் படுகிறார்கள். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கோ யார்டுக்கோ போகிறவர்கள் பையன்கள். "பொம்பளப் புள்ளைங்க எதுக்குமா அங்கெல்லாம்" என்று அக்கறையாகத்தான் சொல்வார்கள். அந்த அக்கறையால் அவர்களுக்குக் கார்டு போடுவதே இல்லை. கார்டு இல்லாததால் அதிகாரி முன்னால் பேசிப் பழக்கமில்லை. பழக்கமில்லாததால் மேனேஜர் வேலைக்குக் கேட்பதில்லை. கல்யாணம் ஆனதும் நின்றுவிடுவார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். நானும் கல்யாணம் ஆனவள்தான், இரண்டு பிள்ளைகள். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர்ப் பெண்கள் மண்ணடியில் இறங்கி நடந்து வந்துவிடுகிறார்கள், ராத்திரி எட்டு மணிக்குத் தைரியமாகத் திரும்புகிறார்கள். வீடுகள் மாறிவிட்டன, ஆபீஸ்கள்தான் மாறவில்லை.

எனக்கு ஜி கார்டு 2012-ல் வந்தது. ஒரு வருஷம் நச்சரித்துத்தான் வாங்கினேன். முதல் பில்லில் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கியது, பேனா அழுத்திப் பேப்பர் கிழிந்து வேறு பிரிண்ட் எடுத்தோம். அப்பாவிடம் சொன்னேன். "அப்போ இனிமே நீ கையெழுத்துப் போட்டாதான் என் வண்டி வெளிய வரும்" என்று சொல்லிச் சிரித்தார். ரிட்டயர் ஆகும்வரை லோடுமேன்களிடம் எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் முதலாளிகளிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பரீட்சைக்கு லெட்டர் கேட்டால் கொடுங்கள், படிக்க நாலு நாள் லீவு கொடுங்கள். துண்டுச் சீட்டில் தலைப்பை எழுதிக் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு வரி காரணத்தையும் எழுதுங்கள். பார்ட்டி போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வருஷத்தில் பத்து நாள் ஆபீஸை அவர்களிடம் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். ஒன்றிரண்டு தப்பு நடக்கும், நாம் தப்பு செய்யாமலா இங்கே வந்தோம்?

அந்தத் தம்பியை நான் எடுத்துக்கொண்டேன். அவனுக்கான லெட்டரை முதல் நாளே டைப் பண்ணிக் கையில் கொடுத்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை எங்கள் டாக்குமென்டேஷன் பெண்கள் நாலு பேரை மணலியில் ஒரு யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அனுமதி வாங்கியாகிவிட்டது. யார்டுக்குள் போடும் பாதுகாப்பு ஷூவும் மேலே மாட்டும் பாதுகாப்பு ஜாக்கெட்டும் வாங்க அளவு கேட்டிருக்கிறேன், ஒருத்தி மட்டும் இன்னும் அனுப்பவில்லை. அவள் அம்மா நேற்று போன் பண்ணி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று கேட்டார். நாலு மணிக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வேனில் இன்னும் ஆறு சீட் இருக்கிறது. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெருவில் இருக்கும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, உங்கள் ஆபீஸிலிருந்து கதவு திறந்த கண்டெய்னரைப் பார்க்காத யாராவது இருந்தால் அனுப்பிவையுங்கள். காலை எட்டரைக்கு மண்ணடி மெட்ரோ வாசலிலிருந்து வண்டி கிளம்பும். அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.